உள்ளே நடக்கும் நித்ய கைங்கர்யம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

 

உங்களில் பலர் நாங்குநேரியில் வானமாமலைப் பெருமானையும், திருக்குறுங்குடியில் நம்பியையும் ஸேவித்துவிட்டு, வள்ளியூர், இராதாபுரம் வழியாக இந்தக் கூடங்குளம் பகுதிக்கு வந்திருக்கிறீர்கள். வேறு சிலர் தாமிரபரணிக் கரையிலுள்ள நவதிருப்பதிகளை ஸேவித்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். ஆற்றங்கரையின் நெல்வயலையும் தோப்பு நிழலையும் விட்டு இந்தத் தென்கோடிக்கு வந்தால், செம்மண்ணும் பனையும் உடைமரமும் காற்றாலைகளுமே கண்ணில் படுகின்றன. நிழல் குறைவு, வெயில் அதிகம். பங்குனி வெயிலில் வெறுங்காலுடன் திருவீதியில் நிற்கும்போது நெற்றித் திருமண் கரையும்படி வியர்க்கிறதே, அந்த வியர்வையைப் பற்றித்தான் அடியேன் இன்று விண்ணப்பிக்கப் போகிறேன்.

உபந்யாஸத்தில் வியர்வைக்கு என்ன இடம் என்று சிலர் நினைக்கலாம். இடம் உண்டு. எம்பெருமான் நம்மைக் காக்கிறான் என்று நாள்தோறும் சொல்கிறோம். எங்கே காக்கிறான், எப்படிக் காக்கிறான் என்று கேட்டால், கஜேந்திரனையும் ப்ரஹ்லாதனையும் எடுத்துக் காட்டுகிறோம். அவை மெய்தான். ஆனால் இந்தக் கணத்தில், இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்கள் சரீரத்துக்குள்ளேயே ஒரு காவல் நடந்துகொண்டிருக்கிறது. அதைச் சற்றே நின்று பார்ப்போம்.

மனித உடலின் உள்வெப்பம் ஏறக்குறைய 37 டிகிரி செல்சியஸ். பழைய கணக்கில் 98.4 டிகிரி ஃபாரன்ஹீட் என்பர். பாளையங்கோட்டையில் கோடை வெயில் 40 டிகிரியைத் தொடும் நாளிலும், மார்கழி விடியலில் குளிர்ந்த நீரில் ஸ்நானம் செய்யும்போதும், உள்ளே இந்த அளவு பெரிதும் மாறுவதில்லை. மூளையின் அடிப்பாகத்தில் ஹைபோதலாமஸ் என்னும் ஒரு சிறு பகுதி இருக்கிறது. ரத்தத்தின் வெப்பம் சிறிது ஏறினாலும் அது உணர்ந்துகொள்கிறது. உடனே தோலை நோக்கி ரத்தம் அதிகமாகப் பாய்கிறது. வியர்வைச் சுரப்பிகள் திறக்கின்றன. நம் தோலில் அவை இருபது லட்சம் முதல் நாற்பது லட்சம் வரை உண்டு. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால், அது சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. மடைப்பள்ளியில் எட்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, ஏறக்குறைய அவ்வளவு!

சார்லஸ் ப்ளாக்டன் என்ற ஆங்கிலேய வைத்தியர் 1775-ஆம் ஆண்டில் ஒரு சோதனையைப் பற்றி எழுதினார். தண்ணீர் கொதிக்கும் நிலையையும் கடந்த உலர்ந்த சூடுள்ள ஓர் அறையில் அவரும் நண்பர்களும் சில நிமிஷங்கள் நின்றார்கள். அதே அறையில் வைத்திருந்த உணவு வெந்துவிட்டது. அவர்களுடைய உடலின் சூடோ பெரிதாக ஏறவில்லை. உயிரற்ற பொருளை வேக வைத்த அதே சூடு, உயிருள்ள உடலை வேக வைக்க முடியாமல் நின்றது. ஆனால் அந்த அறையின் காற்று உலர்ந்தது என்பதை மறக்கலாகாது. கடலோரத்துக் காற்றில் ஈரம் அதிகம். அந்த ஈரத்தில் வியர்வை எளிதில் ஆவியாகாமல் வழிந்தே போகும்; வழிந்த வியர்வை உடலைக் குளிர்விக்காது. ஆகவே நம் பகுதியில் வெயிலின் அளவைக் காட்டிலும் புழுக்கத்தையும் அஞ்ச வேண்டும்.

இனி நீரைப் பார்ப்போம். இவ்வூரின் பெயரிலேயே குளம் இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் குளத்தின் நிர்வாகத்தை அறியாதவர் யார்? நீர் குறைந்தால் மடையை அடைக்கிறோம். நிறைந்தால் மறுகால் பாய்கிறது. மடையைத் திறக்கவும் அடைக்கவும் நீர்பாய்ச்சி ஒருவர் இருக்கிறார். உடலிலும் அப்படியே ஒரு குளம் உண்டு. நம் இரு சிறுநீரகங்களும் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டி எடுக்கின்றன. அத்தனையும் வெளியேறினால் ஒரு மணி நேரம்கூட உயிர் தரிக்குமா? தரிக்காது. எடுத்ததில் ஏறக்குறைய எல்லாவற்றையும் திரும்ப ரத்தத்துக்கே கொடுத்துவிட்டு, ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் அழுக்குடன் வெளியே விடுகின்றன. நீர் குறைந்தால் ரத்தத்தில் உப்பின் செறிவு ஏறும். நூற்றில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ ஏறியவுடனே மூளை அதை அறிந்து, மடையை அடைக்கும்படி சிறுநீரகத்துக்கு ஒரு சுரப்பு நீரின் மூலம் ஆணையிடுகிறது. அதே சமயத்தில் நமக்கும் ஒரு செய்தி அனுப்புகிறது. அந்தச் செய்திக்குத் தாகம் என்று பெயர்.

சர்க்கரையும் அப்படியே. பெரியவர் ஒருவர் உடலில் ஓடும் ரத்தம் சுமார் ஐந்து லிட்டர். வெறும் வயிற்றில் அதில் கரைந்திருக்கும் சர்க்கரை ஒரு தேக்கரண்டி அளவுதான். சர்க்கரைப் பொங்கல் ப்ரஸாதம் உண்டால், கணையம் இன்சுலினைச் சுரந்து, மிகுந்த சர்க்கரையைக் கல்லீரலிலும் தசையிலும் சேமிக்கச் செய்கிறது. உபவாஸம் இருந்தால், அதே கணையம் குளூகாகான் என்னும் வேறொரு நீரைச் சுரந்து, கல்லீரலின் களஞ்சியத்தைத் திறக்கச் சொல்கிறது. விழா நாளும் விரத நாளும் அந்தத் தேக்கரண்டிக் கணக்கில் அதிக பேதமில்லாமல் கழிகின்றன.

க்லோத் பெர்னார் என்ற பிரெஞ்சு அறிஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு கருத்தைச் சொன்னார். வெளியுலகம் எப்படி மாறினாலும் உள்ளேயுள்ள சூழல் மாறாமல் இருப்பதே சுதந்திரமான வாழ்வுக்கு நிபந்தனை என்பது அதன் ஸாரம். வால்டர் கானன் என்ற அமெரிக்க அறிஞர் 1926-ஆம் ஆண்டில் அதற்கு ஹோமியோஸ்டாஸிஸ் என்று பெயரிட்டார். 1932-ல் அவர் இதைப் பற்றி எழுதிய நூலின் பெயரே உடலின் ஞானம் என்று பொருள்படும். நம் ஸுச்ருதரும் ஆரோக்யத்தைச் சொல்லும்போது தோஷம், அக்நி, தாது, மலம் ஆகியவை ஸமமாக இருப்பதையும், ஆத்மாவும் இந்த்ரியங்களும் மனமும் தெளிந்திருப்பதையும் லக்ஷணமாகக் கூறினார். இரண்டும் ஒன்றே என்று அடியேன் சொல்ல வரவில்லை. வழிகள் வேறு, கணக்குகள் வேறு. ஆனால் ஸமநிலையே ஸுகம் என்பதில் இரண்டும் கைகோத்து நிற்கின்றன.

இப்போது ஒரு கேள்வி. இந்த ஸமநிலையைக் காப்பது யார்?

கூடங்குளம் என்றவுடன் வெளியூர்க்காரர் நினைவுக்கு வருவது அணுமின் நிலையம். 1988-ல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 2013-ல் முதல் உலையும் 2016-ல் இரண்டாவது உலையும் இயங்கத் தொடங்கின. ஒவ்வொன்றும் ஆயிரம் மெகாவாட் திறனுள்ளது. அதைப் பற்றிய வாத விவாதங்களில் புகுவது அடியேனுடைய வேலையன்று. அடியேன் சொல்ல வருவது இதுதான்: அங்கே உள்ளே எழும் வெப்பத்தை ஓர் எல்லைக்குள் நிறுத்துவதற்குக் கட்டுப்பாட்டுக் கோல்கள் இருக்கின்றன, குளிர்விக்கும் நீர் இருக்கிறது, கடல்நீரும் அதற்குத் துணை செய்கிறது, அளவுமானிகள் இருக்கின்றன, இரவும் பகலும் முறைவைத்து விழித்திருக்கும் பொறியாளர்கள் இருக்கிறார்கள். உங்கள் சரீரத்துக்குள்ளும் ஓர் அக்நி எரிகிறது. வைச்வாநரன் என்ற அக்நியாகத் தானே இருந்து உண்டதைப் பக்குவம் செய்வதாக கீதையின் பதினைந்தாம் அத்யாயத்தில் கண்ணன் அருளிச்செய்கிறான். அந்த அக்நிக்கு யார் முறைவைத்து விழித்திருக்கிறார்கள்? நேற்றிரவு நீங்கள் தூங்கினீர்கள். தூக்கத்தில் உங்கள் ரத்தத்தின் உப்பைக் கணக்குப் பார்த்தது யார்? நீங்கள் அல்லவே!

நம் தர்சநத்தில் சரீரம் என்றால் என்ன என்பதற்கு ஸ்ரீபாஷ்யகாரர் காட்டிய லக்ஷணம் ப்ரஸித்தம். எதை ஒரு சேதநன் தாங்குகிறானோ, நியமிக்கிறானோ, எது அவனுக்கே சேஷமாக இருக்கிறதோ அது அவனுக்குச் சரீரம். இந்த உடல் ஜீவனுக்குச் சரீரம்; ஜீவனோ எம்பெருமானுக்குச் சரீரம். கையைத் தூக்கு என்றால் கை தூக்குகிறது. அந்த அளவுக்கு நியமனம் நம்மிடம் உண்டு. ஆனால் ரத்தத்தின் சர்க்கரையை நீங்கள் நியமிக்கிறீர்களா? உடலின் சூட்டைக் கட்டளையிட்டுக் குறைக்க முடியுமா? முடியாது. நம் நியமனம் நின்றுபோகும் இடத்திலும் நியமனம் நிற்கவில்லை. ப்ருஹதாரண்யக உபநிஷத்தில் யாஜ்ஞவல்க்யர் உத்தாலகருக்கு உபதேசித்தது இதைத்தான்: ஒவ்வொன்றின் உள்ளும் இருந்து, அது தன்னை அறியாதிருக்கும்போதே, அதை நடத்துகிறவன் அந்தர்யாமி. ஹைபோதலாமஸ் எப்படி வேலை செய்கிறது என்பதை விஞ்ஞானம் சொல்லட்டும், கேட்டுக்கொள்வோம். அது யாருடைய உடைமை, யாருக்காக வேலை செய்கிறது என்பதை வேதாந்தத்திடம் கேட்போம். கோயிலில் திருவாராதனம் ஆறு காலம் நடக்கலாம். இந்த ஆராதனமோ கணந்தோறும் நடக்கிறது. இதற்கு மணியோசை இல்லை; அறிவிப்புப் பலகை இல்லை.

இவ்வளவும் சொன்னதற்குக் காரணம் ஒன்று உண்டு. உற்சவ காலத்தில் நம்மில் பலர் இந்தக் காவலைச் சோதித்துப் பார்க்கிறோம். வெயிலில் பல மைல் நடந்து வந்து, ஒரு சொட்டுத் தண்ணீரும் அருந்தமாட்டேன் என்று வைராக்யம் கொள்கிறோம். பெருமாள் பார்த்துக்கொள்வார் என்று மாத்திரையை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறோம். இது பக்தியா?

உபவாஸம் தவறு என்று அடியேன் சொல்லவில்லை. ஏகாதசி நமக்கு உயிர் போன்றது. ஆரோக்யமுள்ளவருக்கு ஒரு நாள் உபவாஸத்தைத் தாங்கும் சக்தியை, கல்லீரலின் களஞ்சியத்தின் மூலம் எம்பெருமானே வைத்திருக்கிறான். ஆனால் அந்தச் சக்திக்கு எல்லை உண்டு. குளத்துக் கரைக்கும் எல்லை உண்டல்லவா? மூத்தோர், கர்ப்பிணிகள், குழந்தைகள், நீரிழிவும் சிறுநீரக நோயும் இருதய நோயும் உள்ளவர்கள் ஆகியோருக்கு அந்த எல்லை மிக அருகில் இருக்கிறது. சாஸ்த்ரம் இதை அறியாததன்று. தண்ணீர், கிழங்கு, பழம், பால், ஹவிஸ், மருந்து, ஆசார்யனுடைய வார்த்தை முதலிய எட்டும் விரதத்தைக் கெடுப்பதில்லை என்று மஹாபாரதம் தெளிவாகச் சொல்கிறது. அந்த வரிசையில் தண்ணீரும் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது என்பதைத் தயவுசெய்து கவனியுங்கள். கீதையின் பதினேழாம் அத்யாயத்திலோ கண்ணன் இன்னும் கடுமையாகப் பேசுகிறான். சாஸ்த்ரம் விதிக்காத கோரமான தவத்தால் உடலை வாட்டுகிறவர்கள், அதற்குள் இருக்கும் தன்னையே வாட்டுகிறார்கள் என்கிறான். எவனை ஸேவிக்க நடந்து வந்தோமோ, அவனையே வழியில் வருத்திவிட்டு வருவதா?

அருகிலுள்ள திருக்குறுங்குடியின் கைசிக மாஹாத்ம்யத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஏகாதசி இரவில் நம்பியைப் பாடச் சென்ற நம்பாடுவானை வழியில் பசித்த ப்ரஹ்மராக்ஷஸ் பிடித்துக்கொண்டது. அவர் உயிருக்குக் கெஞ்சினாரா? இல்லை. இந்த உடலை நீ உண்ணலாம், ஆனால் முதலில் இதைக்கொண்டு நம்பியைப் பாடிவிட்டு வருகிறேன் என்று சத்தியம் செய்துகொடுத்துச் சென்றார், பாடினார், சொன்னபடி திரும்பியும் வந்தார். அவருக்கு உடலில் ஆசை இல்லை. ஆனாலும் பாட்டு முடியும்வரை அந்த உடல் வேண்டியிருந்தது. உடலில் ஆசை வைப்பது வேறு. கைங்கர்யத்துக்காக உடலைப் பேணுவது வேறு. முன்னதை விடுவோம், பின்னதைக் கைக்கொள்வோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் உற்சவத்தில் அடியேன் கண்டதைச் சொல்கிறேன். எழுபது வயதைக் கடந்த ஒரு தாயார் காலை முதல் ஜலபானமும் இல்லாமல் புறப்பாட்டுடன் நடந்து வந்தார். நடுப்பகலில் வாய் உலர்ந்து, கால் தள்ளாடி, மண்டபத் தூணில் சாய்ந்துவிட்டார். நினைவு இருந்தது. பிள்ளைகள் தண்ணீர் கொடுத்தார்கள். விரதம் என்று மறுத்தார். எவ்வளவு கெஞ்சியும் கேட்கவில்லை. அப்போது வயதான அர்ச்சகர் ஒருவர் வட்டிலுடன் வந்து, "அம்மா, இது பெருமாள் தீர்த்தம். வேண்டாம் என்று சொல்லலாமோ?" என்றார். அந்த அம்மாள் உடனே கையை நீட்டினார். தீர்த்தத்துக்குப் பின் பானகம் வந்தது. "இதுவும் அவர் அமுது செய்ததுதான்" என்றார் அர்ச்சகர். ஒரு டம்ளர், இன்னொரு டம்ளர். அரை மணி நேரத்தில் அந்த அம்மாள் எழுந்து உட்கார்ந்து, "பெருமாள் எந்த வீதியில் இருக்கிறார்?" என்று கேட்டார். அன்று மாலைப் புறப்பாட்டையும் அவர் ஸேவித்தார். விரதம் கெட்டதா? அடியேனுக்கு அப்படித் தோன்றவில்லை.

பானகமும் நீர்மோரும் நம் பெரியோர் வெயில் காலத்து உற்சவங்களில் வைத்த நிவேதனம். வெல்லமும் உப்பும் நீரும் சேரும்போது என்ன நடக்கிறது என்பதை இக்காலத்தார் நன்றாகக் கண்டறிந்திருக்கிறார்கள். குடலின் சுவரில் சர்க்கரை உள்ளே போகும்போது உப்பையும் கையைப் பிடித்து அழைத்துச் செல்கிறது. உப்பின் பின்னே நீர் செல்கிறது. 1971-ஆம் ஆண்டில் வங்க எல்லையில் பன்காவ் என்னும் ஊரின் அகதி முகாமில் காலரா பரவியது. சிரை வழியே ஏற்றும் திரவம் போதவில்லை. அங்கிருந்த மருத்துவர் திலீப் மஹலநாபிஸ் உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரை வாய்வழியே கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை மாண்டுகொண்டிருந்த நிலை மாறி, அவருடைய முகாமில் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவாக ஆயிற்று. 2022-ல் அவர் மறைந்தார். 2023-ல் பாரத அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருதை அறிவித்தது. வாந்தி, பேதி கண்டவர்களுக்கு மருந்துக் கடைகளில் அந்த உப்புப் பொட்டலம் கிடைக்கிறது. கிடைக்காத இடத்தில், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், கரண்டியைத் தலைதட்டி அளந்து கரைத்துக் கொடுக்கலாம். உப்பு கூடிவிடலாகாது.

ஆகவே ஸேவார்த்திகளுக்கு அடியேன் வைக்கும் விண்ணப்பம் இது. தாகம் எம்பெருமான் உள்ளிருந்து அனுப்பும் தூதன். அவனை வாசலில் நிறுத்தி வைக்காதீர்கள். வயது ஏற ஏற அந்தத் தூதனின் குரல் தளர்ந்துவிடும். எனவே மூத்தோர் தாகம் எடுக்காவிட்டாலும் சிறிது சிறிதாக அருந்திவர வேண்டும். மிகுதியாக வியர்த்தவர்கள் வெறும் தண்ணீரையே ஏராளமாகக் குடிக்காமல், உப்பிட்ட நீர்மோரும் சேர்த்துக்கொள்ளட்டும். நீரளவைக் கட்டுப்படுத்தும்படி வைத்தியர் சொல்லியுள்ள இருதய, சிறுநீரக நோயாளிகள் அந்த அளவையே கடைப்பிடிக்க வேண்டும்.

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள், உபவாஸம் இருக்கலாமா என்று முன்கூட்டியே வைத்தியரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்தை எடுத்துக்கொண்டு ஆகாரத்தை விட்டால் ரத்தச் சர்க்கரை அபாயமான அளவுக்குத் தாழலாம். கை நடுங்கி, குளிர்ந்து வியர்த்து, பேச்சு தடுமாறினால் தாமதியாமல் சர்க்கரையோ பானகமோ கொடுக்க வேண்டும். மருந்தைத் தாமாகவே நிறுத்துவதும் தகாது. மருந்து விரதத்தைக் கெடுக்காது என்பதை மேலே கண்டோம்.

வெயிலில் நின்ற ஒருவருக்கு உடல் அனலாகக் கொதித்து, புத்தி தடுமாறி, பிதற்றினால், உள்ளேயுள்ள காவல் தோற்கத் தொடங்கிவிட்டது என்று அறியுங்கள். உள்வெப்பம் 40 டிகிரியைக் கடந்தால் உயிருக்கே ஆபத்து. உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தவறியவர் வாயில் தீர்த்தமேயானாலும் ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். திவ்ய தேசங்கள் நூற்றெட்டு என்பதை எந்த வைஷ்ணவனும் மறக்கமாட்டான். 2008-ஆம் ஆண்டு முதல் நம் மாநிலத்தில் ஆம்புலன்ஸை அழைக்கும் எண்ணும் அதுவே. 108 என்று அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை உடலைக் குளிர்வித்துக்கொண்டே இருங்கள்.

கூட்டத்தில் உங்கள் அருகில் நிற்பவரைச் சற்றே பாருங்கள். அவர் எந்த ஊரார், எந்தக் குலத்தார் என்று கேட்க வேண்டியதில்லை. அவர் உள்ளும் அதே அக்நி எரிகிறது. அதே குளம் நிறைந்து மறுகால் பாய்கிறது. அதே அந்தர்யாமி விழித்திருக்கிறான். அவர் உதடு உலர்ந்திருந்தால் ஒரு டம்ளர் நீர்மோர் கொடுங்கள். உள்ளே எம்பெருமான் செய்துகொண்டிருக்கும் காரியத்துக்கு வெளியேயிருந்து நீங்கள் செய்யும் எடுபிடி அது. அதைவிடச் சிறந்த கைங்கர்யம் இந்த வெயிலில் அடியேனுக்குத் தெரியவில்லை.

வந்தவர் அனைவரும் குறையின்றிப் பெருமாளை ஸேவித்து, ஆரோக்யத்துடன் தத்தம் இல்லம் சேர்ந்து, அடுத்த ஆண்டும் இத்திருவீதியில் நிற்குமாறு எம்பெருமான் திருவருள் புரிவானாக.

அடியேன், ராமாநுஜ தாஸன்.

சுபம்